மேயருக்கு எந்தப் பட்டன்?

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. புரசைவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் அம்மாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வயது எழுபதைத் தாண்டியவர், முட்டி வலி. ஆனாலும் ஓட்டுப் போடாமல் விடமாட்டார். மை வைத்த விரலை மற்ற விரல்களில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். முகம் சரியில்லை.

"ஏன்டா, ஒரு மிஷின்தான் இருந்துச்சு. மேயருக்கு எந்தப் பட்டன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிக்குது."

"இந்தத் தடவ மேயருக்கு நாம போடலம்மா. கவுன்சிலருங்க சேர்ந்து எடுத்துப்பாங்க."

"போன தடவ ரெண்டு ஓட்டுப் போட்டேனே?"

"அது போன தடவ."

"அப்போ மட்டும் எதுக்கு நம்மளக் கேட்டாங்க?"

ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ சட்டத் திருத்தம், அவசரச் சட்டம் என்று உளறினேன். அம்மா கேட்ட மாதிரி தெரியவில்லை. வாசலில் இறங்கும்போது சில்லறை இருக்கிறதா என்றுதான் கேட்டார். அன்று சொல்லத் தெரியாததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஆரம்பித்தால் 1680களுக்குப் போகவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி விழா எது நடந்தாலும் மேடையில் ஒருவர் எழுந்து, "உலகிலேயே லண்டனுக்கு அடுத்தபடியாகத் தோன்றிய மாநகராட்சி நம்முடையது" என்பார். கைதட்டல் விழும். கேட்க இனிக்கிறது, ஆனால் சரியில்லை. இங்கிலாந்திலேயே யார்க், பிரிஸ்டல் போன்ற ஊர்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மேயர்கள் இருந்தார்கள். நியூயார்க்குக்கு 1665-இல் மேயர் வந்துவிட்டார். இந்தியாவில் மிகப் பழைய மாநகராட்சி சென்னைதான் என்பதில் சந்தேகமில்லை. அதுவே போதுமான பெருமை. மாநகராட்சியை உருவாக்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி பத்திரம் எழுதியது 1687 டிசம்பர் 30-ஆம் தேதி. மேயரும், ஆல்டர்மேன்கள் என்ற மூத்த உறுப்பினர்களும் பதவியேற்றது 1688 செப்டம்பர் 29.

ஏன் கொடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டைக்கும் காவலுக்கும் செலவழித்துக் களைத்திருந்தது. ஊர்க்காரர்களிடம் வீட்டு வரி கேட்டது. ஊர்க்காரர்கள் கடையடைத்தார்கள். 1686-இல் கறுப்பர் நகரத்து வியாபாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததை மதராஸின் முதல் ஹர்த்தால் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்போது லண்டனில் கம்பெனியை ஆட்டிவைத்தவர் சர் ஜோசையா சைல்ட் என்ற பெரிய வியாபாரி. அவர் போட்ட கணக்கு எளிமையானது. நாம் அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் கேட்டால் தரமாட்டார்கள். அவர்களே கூடி உட்கார்ந்து வரி போட்டுக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து தருவார்கள். ஆகவே அவர்களுக்கு ஒரு சபையைக் கொடுப்போம், சபைக்கு ஒரு தலைவரைக் கொடுப்போம். வரி வசூலுக்காகப் பிறந்த பதவி இது. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அடுத்து ஒரு சங்கடம். பத்திரத்தில் யார் முத்திரை குத்துவது? இரண்டாம் ஜேம்ஸ் அரசரா, கம்பெனியா? அரசரின் முத்திரையோடு போனால் மதிப்புக் கூடும் என்று சிலர் சொல்ல, கம்பெனித் தரப்பு வேண்டாம் என்றது. அரசரிடமிருந்தே நேரடியாகப் பதவி வாங்கியவனுக்கு அந்தக் கௌரவம் தலைக்கேறிவிடும், யாருக்கும் அடங்கமாட்டான், கடைசியில் அவனை நீக்கித் தொலைக்கவேண்டிவரும் என்று அரசரிடமே எடுத்துச் சொன்னார்கள். அரசரும் ஒப்புக்கொண்டார். கம்பெனி முத்திரையே குத்தப்பட்டது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் புரசைவாக்கத்துப் பள்ளிக்கூட வாசல் ஞாபகம் வந்தது. மேயர் நாற்காலியில் யாரும் உட்காருமுன்பே, உட்காரப்போகிறவரின் தலைக்கனம் குறித்த கவலை வந்துவிட்டது.

அதிகாரத்தில்தான் கை இறுக்கம். பகட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. மேயருக்கும் ஆல்டர்மேன்களுக்கும் சிவப்பு அங்கி, பர்கெஸ்கள் என்ற உறுப்பினர்களுக்குச் சீனத்து வெள்ளைப் பட்டு. மேயருக்கு முன்னால் வெள்ளிச் செங்கோல் ஏந்திப் போக ஆட்கள். ஆல்டர்மேன்களுக்குக் குடை பிடித்துக்கொள்ளும் உரிமை, குதிரையேறிப் போகும் உரிமை, லண்டன் மேயர் போவது போலவே. செப்டம்பர் கடைசி வெயிலில் கோட்டைக்குள் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு ஊர்வலம் போயிருக்கிறார்கள். பாவமாக இருக்கிறது.

முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்ஸன். பிறந்தது இங்கிலாந்தில்கூட இல்லை, அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலும் பாஸ்டனில் பிறந்தவர். அமெரிக்க மண்ணில் பிறந்த இருவர் சேர்ந்து கோரமண்டல் கரையில் ஒரு மாநகராட்சியைத் தொடங்கிவைத்தார்கள். ஹிக்கின்ஸன் ஆறு மாதம் போல இருந்துவிட்டு விலகினார். பின்னாளில் கவர்னரே ஆனார். மேயர் நாற்காலி அடுத்த நாற்காலிக்குப் படிக்கட்டு என்பதும் முதல் ஆளிலிருந்தே தொடங்கிய வழக்கம்.

பன்னிரண்டு ஆல்டர்மேன்கள். கம்பெனி ஆங்கிலேயர்களோடு ஒரு பிரெஞ்சுக்காரர், போர்ச்சுக்கீசியர்கள், வைர வியாபாரம் செய்த யூதர்கள், இந்து வணிகர்கள் என்று கலவையான சபை. இந்து வணிகர்களில் ஆலங்காத்தா பிள்ளையும் ஒருவர். தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவர் என்று சொல்லப்படுகிறவர். பதினேழாம் நூற்றாண்டில் இத்தனை வகை மனிதர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். என்ன, இவர்களை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் பட்டியலைக் கம்பெனியே எழுதியது. பிறகு ஆண்டுதோறும் ஆல்டர்மேன்களில் ஒருவர் மேயராவார். அதாவது மறைமுகத் தேர்தல். வரியோ, சைல்ட் எதிர்பார்த்தபடி வசூலாகவில்லை. யார் கேட்டாலும் வரி வரிதானே.

1726-இல் புதிய சாசனம் வந்தது, இந்தத் தடவை அரசர் முதலாம் ஜார்ஜிடமிருந்தே. மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் என்று சபை சுருங்கியது. அவர்களில் ஏழு பேர் பிரிட்டிஷ் குடிமக்களாகவே இருக்கவேண்டும் என்று விதி. பழைய கலவை கலைந்தது. மேயரின் முக்கிய வேலை வழக்கு விசாரிப்பது என்றானது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அதுவும் நின்றது, 1753-இல் மறுபடி உயிர்பெற்றது. 1798-இல் ரெக்கார்டர் நீதிமன்றம், 1801-இல் சுப்ரீம் கோர்ட் என்று வந்ததும் மேயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அதன்பின் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மதராஸில் மேயர் என்ற சொல்லே கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கமிஷனர்கள் வந்தார்கள், வரி வந்தது, 1867-இல் நகரத்தை எட்டு டிவிஷன்களாகப் பிரித்தார்கள். 'வார்டு' என்று அரசாங்கம் எத்தனை தடவை எழுதினாலும் வடசென்னையில் இன்றும் "எந்த டிவிஷன் நீங்க?" என்றுதான் கேட்பார்கள். பிறகு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு என்ற அளவில் தேர்தல் மெல்ல நுழைந்தது. உள்ளாட்சியில் மக்கள் பங்கு வேண்டும் என்று 1882-இல் தீர்மானம் போட்ட வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் பெயரில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மாநகராட்சியின் தலைமையகமாக அந்த வெள்ளை நிற ரிப்பன் மாளிகை எழுந்தது. 1909-இல் அடிக்கல், 1913-இல் திறப்பு, செலவு ஏழரை லட்சம் ரூபாய். மாநகராட்சியின் புகார் எண்ணும் 1913-தான். திட்டமிட்டு வைத்ததா, தானாக அமைந்ததா தெரியாது; அம்மா ஃபிரிட்ஜ் மேல் அந்த எண்ணை ஒட்டிவைத்திருக்கிறார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் சர் பிட்டி தியாகராயர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், தி.நகரின் 'தி'. நாற்பது ஆண்டுக் காலம் மாநகராட்சியில் இருந்தவர். 1920-இல் மாகாணத்தின் முதல் மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர். அதே ஆண்டு ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடலாம் என்று மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது. சத்துணவுக் கதையைக் காமராஜரிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த ஓரணாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளிலேயே மேலிடத்து ஆட்சேபணையில் அது நின்றுபோனது. கீழே இருக்கிற மன்றம் தொடங்குகிறது, மேலே இருக்கிற அரசு நிறுத்துகிறது. இது இனி அடிக்கடி வரும்.

மேயர் என்ற சொல் திரும்பி வந்தது 1933-இல். கல்கத்தாவில் 1924-லேயே சித்தரஞ்சன் தாஸ் மேயராகிவிட்டார். இங்கே குமாரராஜா முத்தையா செட்டியார் முதல் மேயரானபோது அவருக்கு 28 வயதுகூட ஆகவில்லை. சிவப்பு அங்கியும் திரும்ப வந்தது. பதவிக்காலம் ஒரே வருடம். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரு வருடத்தில் ஒருவர் என்ன கிழித்துவிட முடியும் என்று கேட்டால், சத்தியமூர்த்தி.

1939-இல் மேயரானார். நகரம் குடிநீருக்குச் செங்குன்றம் ஏரியை நம்பிக்கொண்டிருந்த காலம். மழை பொய்த்தால் அத்தோடு சரி. கொசஸ்தலையாற்றில் பூண்டியருகே அணை கட்டித் தண்ணீரைத் தேக்க வேண்டும் என்பது திட்டம். உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம். காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமா செய்துவிட்டன. மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. எதிரே உட்கார்ந்திருப்பது வெள்ளைக்கார அரசாங்கம், கேட்பவர் காங்கிரஸ்காரர். போர்க்காலத்தில் ஊருக்கு அணை கேட்டு, அனுமதியும் வாங்கினார். 1940 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள், 1944-இல் வேலை முடிந்தது. முடிந்தபோது அவர் இல்லை. 1943 மார்ச்சில் இறந்துபோயிருந்தார்.

இப்போதும் அக்டோபர், நவம்பர் வந்தால் பேப்பரில் அந்தச் சின்னக் கட்டம் வரும்: பூண்டி, மொத்தக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, இன்றைய இருப்பு இவ்வளவு. எங்கள் வீட்டில் அப்பா அதைத்தான் முதலில் படிப்பார். எண் ஏறினால் காபி இன்னொரு டம்ளர் கேட்பார். பூண்டிக்கு 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர் இருப்பது அப்பாவுக்குத் தெரியும், சத்தியமூர்த்தி மேயராக இருந்தவர் என்பது தெரியாது. தீரர், காமராஜரின் குரு, மேடைச் சிங்கம் என்றெல்லாம் தெரிந்திருந்தது. மேயர் என்றால் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர் என்றே அப்பா கடைசிவரை நினைத்திருந்தார்.

அந்த ஒரு வருடப் பதவிக்கு இன்னொரு நல்ல பக்கமும் இருந்தது. சமூகத்துக்கு ஒரு வருடம் என்று முறைவைத்து மேயர் பதவியைச் சுழற்றிவிடும் மரபு மன்றத்தில் உருவானது. முஸ்லிம், கிறிஸ்தவர், ஆதிதிராவிடர், பிராமணர், பிராமணரல்லாதார் என்று சுற்றிவரும். 1937-இல் ஜெ.சிவசண்முகம் பிள்ளை மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர் அவர். பின்னர் சட்டமன்றத்தின் சபாநாயகரும் ஆனார். 1945-இல் என்.சிவராஜ். இந்த மரபைக் கேலி செய்தவர்கள் உண்டு, "மியூசிகல் சேர்" என்று. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. கோயிலுக்குள் நுழையவே போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊரின் முதல் குடிமகன் என்று எல்லோரும் எழுந்து நின்று வணங்கவேண்டிய நாற்காலியில் ஓர் ஆதிதிராவிடர் உட்கார்ந்தது ஓட்டுக்கணக்கில் மட்டும் சாத்தியமாகியிருக்காது. டாக்டர் பி.வி.செரியன் மேயராக இருந்தார். சில ஆண்டுகள் கழித்து, 1956 வாக்கில், அவர் மனைவி தாரா செரியன் மேயரானார். சென்னையின் முதல் பெண் மேயர். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மேயர்கள்!

1959-இல் காட்சி மாறியது. நூறு இடங்களில் 45-ஐ திமுக பிடித்தது. கோட்டையில் காமராஜர், ரிப்பன் மாளிகையில் ஏ.பி.அரசு. பிரசாரத்துக்குத் தோள் கொடுத்த கருணாநிதிக்கு அண்ணா மேடையில் மோதிரம் போட்டதும், அந்த மோதிரத்தைப் பற்றிப் பிறகு வேறு சிலர் வேறு கதை சொன்னதும் தமிழ்நாட்டு அரசியல் திண்ணைகளில் இன்னும் தீராத பேச்சு. மோதிரம் கிடக்கட்டும். ஒரு கட்சி, கோட்டைக்கு வருமுன் ஆண்டு பழக ரிப்பன் மாளிகை ஒரு பட்டறையாக இருந்தது. எட்டு வருடத்தில், 1967-இல், கோட்டையும் அவர்கள் கைக்கு வந்தது.

பட்டறையின் கதவைச் சாத்தியதும் அவர்களே. மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலிகளின் வருகைப் பதிவேடு. பதிவேட்டில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதி, கட்டைவிரல் ரேகை வைத்து, கூலியை யாரோ வாங்கிக்கொள்வது மஸ்டர் ரோல் ஊழல். அது வெடித்தபோது 1973-இல் கருணாநிதி அரசு மன்றத்தைக் கலைத்தது. தம் கட்சி நடத்திய மன்றத்தையே கலைத்தது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுபடி தேர்தல் வைக்க வேண்டுமே? வைக்கவில்லை. அடுத்து வந்த எம்.ஜி.ஆரும் வைக்கவில்லை. ஜெயலலிதாவின் முதல் ஆட்சியிலும் இல்லை. 23 ஆண்டுகள். 1972-இல் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அம்மா, கவுன்சிலர் என்று ஒருவரைப் பார்க்கத் தன் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 23 ஆண்டில் சத்தமில்லாமல் நடந்ததுதான் பெரிய சேதம். எழுபதுகளின் நடுவில் நகரத் திட்டமிடலுக்கென்று பெருநகர வளர்ச்சிக் குழுமம் வந்தது. 1978-இல் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் வந்தது, நாம் மெட்ரோ வாட்டர் என்கிறோமே அது. இரண்டும் மாநில அரசின் கையில். தனி அமைப்பு தேவைப்பட்டிருக்கலாம், நகரம் அவ்வளவு பெருத்துவிட்டது. ஆனால் கேள்வி கேட்க மன்றத்தில் ஒருவரும் இல்லாத நேரத்தில் அவை ரிப்பன் மாளிகையை விட்டுப் போயின. இன்று ஒரு சத்தியமூர்த்தி மேயரானாலும் பூண்டியைப் பற்றிப் பேச அவர் இன்னோர் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும்.

மேயரைத் திரும்பக் கொண்டுவந்தது டெல்லி. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்தது. நகராட்சி மன்றங்களைக் காலவரையின்றிக் கலைத்துவைக்க முடியாது என்றது. 1996 அக்டோபரில் தேர்தல். புதுமை என்னவென்றால், மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு. எனக்கு 22 வயது. ஒரு மாநகராட்சிப் பள்ளியில் வரிசை. அம்மா முன்னால், நான் பின்னால். இரண்டு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். அம்மா முதல் சீட்டை மடித்துவிட்டு, முத்திரைக் கட்டை கையில் இருக்க, இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது மறைப்புக்கு அந்தப் பக்கம் அவர் கால்களின் தயக்கத்திலேயே தெரிந்தது. வெளியே வந்ததும், "ஊருக்கே ஒரே ஆளாடா?" என்றார். ஊருக்கே ஒரே ஆள். மு.க.ஸ்டாலின் வென்றார். மேம்பாலங்கள் எழுந்தன, 'சிங்காரச் சென்னை' என்ற சொல் ஊரெங்கும் ஓடியது. பிடித்தவரும் பிடிக்காதவரும் மேயர் யார் என்று தெரிந்துவைத்திருந்தார்கள். அதற்கு முன் அப்படியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

2001-இல் கோட்டை ஜெயலலிதாவிடம் போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாலின் மறுபடி மேயரானார். கோட்டைக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்தில் இரண்டு கட்சி. 2002-இல் சட்டம் வந்தது, ஒரே ஆள் சட்டமன்ற உறுப்பினராகவும் மேயராகவும் இருக்கக்கூடாதென்று. ஸ்டாலின் இரண்டாகவும் இருந்தார். மேயர் பதவி போனது. துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பைப் பார்த்தார். ஒருவருக்கு ஒரு பதவி என்பது கொள்கையாக நியாயமே. எந்த வருடம், யார் மேயராக இருந்தபோது அந்த நியாயம் நினைவுக்கு வந்தது என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மூச்சுப் பிடித்துக்கொள்ளுங்கள். 1996, 2001: நேரடித் தேர்தல். 2006-இல் திமுக அரசு அதை மாற்றி, கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றது, மா.சுப்பிரமணியன் மேயரானார். 2011-இல் அதிமுக அரசு நேரடித் தேர்தலுக்குத் திரும்பியது. சைதை துரைசாமி வென்றார். 2016-இல் அதே அதிமுக அரசு மறைமுகத் தேர்தல் என்றது. அந்தத் தேர்தலே உயர்நீதிமன்ற உத்தரவில் நின்றுபோனது. 2018-இல் மறுபடி நேரடி என்று சட்டம் போட்டார்கள், தேர்தல் வைக்கவில்லை. 2019 நவம்பரில் அவசரச் சட்டம்: மறுபடி மறைமுகம். இப்படி மாற்றி மாற்றி விளையாடியதில் மேயரே இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியது. கொரோனாக் காலம் முழுக்க நகரத்துக்கு மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொன்னார்கள். மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் வேலை ஓடாது என்றார்கள் ஒருமுறை. மக்களின் நேரடி ஆணை இருந்தால்தான் மேயர் துணிந்து செயல்படுவார் என்றார்கள் இன்னொருமுறை. இரண்டிலுமே உண்மை இருக்கிறது. எந்தக் காரணம் எப்போது வெளியே வரும் என்பதைக் கோட்டையின் சௌகரியம் தீர்மானித்தது, அவ்வளவே.

2011-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். துரைசாமிக்கும் சுப்பிரமணியனுக்கும் இடையிலான வித்தியாசமே ஐந்து லட்சத்துக்கு மேல். சென்னையில் பல சட்டமன்றத் தொகுதிகளின் மொத்த வாக்காளர்கள் எண்ணிக்கை அதில் பாதிதான் இருக்கும். ஒரு மந்திரி தன் தொகுதியில் வாங்கும் ஓட்டு, நேரடியாக வென்ற மேயரின் ஓட்டுக்கு முன்னால் கால்தூசி. எந்த முதலமைச்சருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும், இப்படி ஓர் ஆள் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருப்பது உறுத்தும். அரசரே பதவி கொடுத்தால் தலைக்கேறிவிடும் என்று லண்டனில் கவலைப்பட்டார்களே, அங்கே அரசர் இருந்த இடத்தில் இங்கே அம்மா மாதிரியான ஆட்கள்.

இத்தனைக்கும் மேயரின் கையில் பெரிய கத்தி எதுவும் இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு நிர்வாக அதிகாரம் கமிஷனரிடம். கமிஷனர் ஐஏஎஸ் அதிகாரி, அவரை அனுப்புவதும் திரும்ப அழைப்பதும் மாநில அரசு. மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், கேள்வி கேட்கலாம், தீர்மானம் போடலாம். தண்ணீர் வேறிடம், பஸ் வேறிடம், போலீஸ் வேறிடம், கட்டிட அனுமதியில் பெரியவை வேறிடம். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பள்ளி, பூங்கா, சுடுகாடு மிச்சம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு மனுஷனின் தினசரி வாழ்க்கையில் முக்கால்வாசி அதுதான். 2013-இல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் வந்ததே, அதுவும் மாநகராட்சி நடத்தியதுதான். ஆனால் பெயர்ப்பலகையில் கோட்டைக்கார அம்மா.

2011-இல் எல்லையும் விரிந்தது: 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426, வார்டுகள் 155-லிருந்து 200. திருவொற்றியூரும் அம்பத்தூரும் ஆலந்தூரும் தத்தம் நகராட்சியை இழந்து சென்னைக்குள் வந்தன. மதுரவாயலில் இருக்கும் என் மச்சான், "எங்க சேர்மன் வீடு நடக்குற தூரம்டா, மேயர் எங்க இருக்கார்னே தெரியல" என்று அப்போது புலம்பினான். பெருத்ததில் நாற்காலிக்குப் பெருமை கூடியது, எட்டாமலும் போனது.

அன்று அம்மா ஓட்டுப் போட்ட தேர்தலில் சென்னையில் 44 சதவீதம்கூடத் தேறவில்லை. 200 வார்டில் 153-ஐ திமுக பிடித்தது. மேயர் பதவி தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4-ஆம் தேதி, 74-ஆவது வார்டு கவுன்சிலர் ஆர்.பிரியா போட்டியின்றி மேயரானார். 28 வயது. தாரா செரியன், எழுபதுகளில் ஓராண்டு இருந்த காமாட்சி ஜெயராமன், அவர்களுக்குப் பிறகு மூன்றாவது பெண். தலித் பெண்களில் முதலாமவர். சிவசண்முகம் பிள்ளைக்கும் இவருக்கும் நடுவே 85 வருடம்.

அன்று மத்தியானம் அம்மாவும் நானும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு அங்கியைப் போட்டுவிட்டார்கள். தோளில் சற்றே பெரிதாக இருந்தது போலத் தெரிந்தது. வெள்ளிச் செங்கோலைக் கையில் கொடுத்தார்கள். சுற்றிலும் வேட்டி சட்டையில் மூத்த கட்சிக்காரர்கள், அமைச்சர்கள். செங்கோலை எப்படிப் பிடிப்பது என்று ஒரு வினாடி யோசித்து, பிறகு இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பட்டன் கோபமெல்லாம் போயிருந்தது.

"சின்னப் பொண்ணா இருக்காளே. எந்த ஏரியாவாம்?"

"நம்ம பக்கம்தாம்மா. திரு.வி.க. நகர்."

"நம்ம பக்கமா?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை மட்டும் கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனே."

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தோடு முடியும். அடுத்த தடவை ஒரு ஓட்டா, இரண்டு ஓட்டா என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.